முதல் பாதி இல்லாத செபமாலை

பசுமலை
15.9.2002

அன்புத் தம்பி ஜூடுக்கு,

இயேசு மரி சூசை துணையில் அக்கா நலம். நீயும் பிளாரன்ஸும் குழந்தையும் நலமா என்று நான் எழுதி, அது மஸ்கட் வந்து, நீ சோம்பல் முறித்துப் பதில் போட ஒரு மாதம் ஆகும். அதற்குள் யாருக்காவது சளி பிடித்து விட்டுப் போயிருக்கும். இருந்தாலும் நலமா என்று கேட்காமல் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியாது.

அப்பாவின் பீரோவை இப்போதுதான் ஒழித்தேன். அடித்தட்டில், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி ஒரு கேசட் இருந்தது. மேலே அப்பா கையெழுத்தில், 'அற்புதமேரி, முப்பதாம் நாள் செபமாலை, ஜூடுக்கு' என்று எழுதியிருக்கிறது. அம்மா இறந்தபோது உன் கம்பெனி லீவு கொடுக்கவில்லை என்று நீ போனில் அழுதாயே, அதனால் நீ கேட்கட்டும் என்று பதிவு செய்திருக்கிறார். ஏன் அனுப்பாமல் ஒன்பது வருஷம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. இனி அவரைக் கேட்கவும் முடியாது.

நம் டேப் ரிக்கார்டர் பட்டை உருகிக் கிடக்கிறது. அதனால் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் மருதுவிடம் கொண்டுபோனேன். முழு சைஸில் அனுப்பினால் ஒரு நாள் பூராவும் போன் லைனில் போய்க்கொண்டே இருக்குமாம். சின்னதாக்கி உன் மெயிலுக்கு அனுப்பிவிட்டான். "சத்தம் அப்படியே இருக்கும் டீச்சர், சைஸுதான் சுருங்கும்" என்றான். அவன் ஹெட்போன் எண்ணெய் வழிந்து கிடந்ததால் நான் கேட்கவில்லை. நீ கேள். அப்பாவின் வெண்கலக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

இன்னொன்று. சமயநல்லூர் சூசைநாதன் சாருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் கல்யாணம். நாற்பது வயதில் இந்தக் கூத்தா என்று சிரிக்காதே. அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பா போன பிறகு இந்த வீட்டில் சாயங்கால நேரம் எனக்குத் தாங்கவில்லை, தம்பி.

அன்புடன்,
அக்கா ஐரின்

---

மஸ்கட்
6.10.2002

பாசமுள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. பிளாரன்ஸ் இப்போதே உனக்குப் பட்டு எடுக்கக் கிளம்பிவிட்டாள். சூசைநாதன் சாரை எனக்கு நன்றாகத் தெரியும். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். நீ இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாய்.

மருது அனுப்பியது வந்தது. ஆனால் அக்கா, அதில் அப்பா இல்லை.

செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அப்பா முதல் பாதியைச் சொல்ல, நாமெல்லோரும் மறுபாதியைச் சொல்வோம் அல்லவா? இதில் மறுபாதி மட்டும்தான் இருக்கிறது. அப்பா சொல்கிற இடத்தில் வெறும் மூச்சு மாதிரி ஒரு காற்று. பிறகு ஜனங்கள் ஒன்றாகப் பதில் சொல்கிறார்கள். மறுபடியும் காற்று. மறுபடியும் பதில். ஆபீஸில் உட்கார்ந்து கேட்டேன். ஏசியைக் குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்துபோனால், அது ஓடவே இல்லை.

அப்புறம், முன்வரிசையில் ஒரு பெண் குரல். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே தனியாக முந்திக்கொண்டு தொடங்குகிறது. யார் அது? மருது என்ன செய்தான் என்று விசாரித்து எழுது.

உன் தம்பி,
ஜூடு

---

பசுமலை
27.10.2002

அன்புத் தம்பிக்கு,

மருதுவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், டேப்புல எடது, வலதுன்னு ரெண்டு பக்கமும் ஒரே சத்தந்தான் இருக்கும். எதுக்கு ரெண்டையும் அனுப்பணும்? ஒண்ணாக் கலந்துட்டா சைஸு பாதியாப் போகும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டரே பாத்து, மனுசக் காதுக்குக் கேக்காததையெல்லாம் தூக்கிரும். பெரிய சத்தத்துக்குக் கீழ ஒளிஞ்சிருக்குல்ல சின்னச் சத்தம், அதத்தான் மொதல்ல தூக்கும். அம்புட்டுத்தான்."

"காதுக்குக் கேட்காது என்று அதற்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். பெரிய சத்தத்தை விட்டுவிட்டுச் சின்னதைத் தூக்கும் மெஷின், அப்பாவைத் தூக்கிவிட்டு மற்றவர்களை எப்படி விட்டது என்றும் கேட்டேன். "அதான் டீச்சர் எனக்கும் வெளங்கல" என்றான்.

அப்புறம் அந்த ஹெட்போனைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டேன்.

ஜூடு, அது அம்மா.

அப்பா முதல் பாதியை முடிப்பதற்குள் அம்மா மறுபாதியை ஆரம்பித்துவிடுவாளே, நினைவிருக்கிறதா? "என்ன அவசரம் உனக்கு, பஸ்ஸா பிடிக்கப்போற?" என்று அப்பா தினமும் திட்டுவாரே. "அடுப்புல சோறு கொதிக்குதுல்ல" என்பாளே. அதே அவசரம். கடைசியில் 'ஆமென்' சொல்லும்போது அதே இழுப்பு. மருது சோடா வாங்கிவந்து கொடுத்தான்.

அம்மாவை அடக்கம் செய்து முப்பதாம் நாள் சொன்ன செபமாலை அது. கேசட்டின் மேல் இருப்பதை இருபது தடவை படித்துவிட்டேன். அந்தச் சாயங்காலம் யார் யார் வந்தார்கள் என்பதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. அழுது ஓய்ந்து கிடந்தேன்.

மருது அதை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான். ஒரு சின்ன பிளேயரும் வாங்கிவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டுக் கேட்கிறேன். நான் முதல் பாதியைச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்து கேட்கிறேன். நடுவில் அடுக்களையில் ஏதோ கீழே விழும் சத்தம்கூடக் கேட்கிறது.

ஜனவரியில் கல்யாணம் வேண்டாம். அம்மா இந்த வீட்டில் இருக்கும்போது நான் எப்படிப் பூட்டிவிட்டுப் போவது?

உன் அக்கா

---

மஸ்கட்
10.11.2002

அன்பு அக்காவுக்கு,

தயவுசெய்து நிதானமாகப் படி.

அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மைக் கடன் வாங்கி வந்திருப்பார். ஒன்றில் வயர் அறுந்திருக்கும். அவரே பற்றவைத்திருப்பார். அவர் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். அவர் அழைப்பு மணியைச் சரி செய்த பிறகு, அழுத்தினால் நின்று, கையை எடுத்தால் அடித்தது அல்லவா? அதே மாதிரி இரண்டு வயரையும் மாற்றிப் போட்டிருக்கிறார். ஒரு மைக் சத்தத்தைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் குரல் இரண்டிலும் ஒரே அளவு விழுந்தது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டிலும் அப்பா இருக்கிறார். மருது சைஸைக் குறைக்க இரண்டையும் ஒன்றாகக் கலந்ததும், தள்ளியதும் இழுத்ததும் சரிக்குச் சரியாகி, அப்பா காணாமல் போய்விட்டார். பக்கவாட்டில் இருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவ்வளவுதான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, அறிவியல் வாத்தியாரான அப்பாவின் ஒரு சொட்டு ஈயம்.

கேசட்டை எனக்கு அனுப்பு. என் கூட வேலை செய்யும் கிரிதரன் மதுரைக்கு வாரான், அவனிடம் கொடுத்துவிடு. நானே சுத்தமாக ஏற்றி, இரண்டு பக்கத்தையும் கலக்காமல், அப்பா முழுசாகக் கேட்கும்படி அனுப்புகிறேன்.

சூசைநாதன் சாரிடம் இன்னும் எதுவும் சொல்லாதே. கோவிலில் எல்லோருக்கும் முன்னால் கல்யாண ஓலை வாசிக்கப்போகிற நேரத்தில் நீ பின்வாங்கினால் அந்த மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நீ அந்த வீட்டில் ஒரு சிடிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அக்கா.

ஜூடு

---

பசுமலை
29.11.2002

அன்புத் தம்பிக்கு,

கிரிதரன் வந்தார். கேசட்டைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு கை வெறுமையாகிவிட்டது. தெருமுனை வரை பின்னாலேயே போய், திருப்பிக் கேட்கலாமா என்று நின்றேன். அவர் தாயாரோடு சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டார்.

உன் கடிதம் வருவதற்குள் சூசைநாதன் சாரிடம் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஒரு தடவ நானும் கேக்கலாமா டீச்சர்?" என்றார். வந்தார். செருப்பை வாசலில் விட்டு, அப்பா உட்கார்ந்த இடத்துக்கு எதிரே கீழே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்த பிறகும் எழவில்லை.

"அவுங்க யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். "சொல்லிக் குடுக்கிற ஆளத்தான் காணோம்."

நான் அழுதுவிட்டேன். "நான் இருக்கேன் டீச்சர். நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்ப" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசினால் முத்து உதிரும் என்று எழுதினாயே, உதிர்ந்தது.

கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றே இல்லை. அப்பாவுடையது அணைந்து அணைந்து போனது. அம்மாவுடையது கடைசிவரை நின்று எரிந்தது. இதற்கும் ஏதாவது வயர் காரணம் சொல்வாய்.

உன் அக்கா

---

மஸ்கட்
12.1.2003

அன்பு அக்காவுக்கு,

கேசட்டைக் கேட்டாயிற்று. ஒரு வாரமாக இதே வேலைதான். கம்பெனி வேலை கெட்டது, பிளாரன்ஸ் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

நான் சொன்னது சரி. ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பினேன். அப்பா வந்துவிட்டார்! அந்த வெண்கலக் குரல் அப்படியே இருக்கிறது. தொண்டையைச் செருமுவதுகூட இருக்கிறது. முதலில் டேப்பின் இரைச்சலைச் சுத்தம் செய்தேன். அந்த இரைச்சலைச் சுமக்கத்தான் பாதி இடம் வீணாகிறது. பிறகுதான் சுருக்கினேன். மருது மாதிரி ஒரேயடியாக நசுக்காமல், பேச்சுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்தேன். நான்கு துண்டாக மெயிலில் வரும். சிறிதாகவும் இருக்கும், அப்பா எதிரே உட்கார்ந்திருப்பது மாதிரியும் இருக்கும்.

இனி அந்தக் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, அது நீதான். அம்மாவின் பாய் காலியாக இருக்கக் கூடாது என்று அப்பா உன்னை அங்கே உட்கார வைத்திருப்பார். அழுது அழுது உன் குரல் கம்மிப்போயிருக்கிறது. அம்மாவைப் போலவே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாய். உனக்குத் தெரியாமலே செய்திருப்பாய். சத்தியமாக நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலிலிருந்து கடைசி வரை அது உன் குரல்தான். சத்தியம்.

நான் அனுப்பியதை வைத்துக்கொள். மருதுவின் சிடியை உடைத்துப் போட்டுவிடு. ஈஸ்டர் முடிந்து கல்யாணத்தை வை. நான் குடும்பத்தோடு வாரேன்.

உன் தம்பி,
ஜூடு

---

பசுமலை
16.2.2003

அன்புத் தம்பிக்கு,

அப்பாவைக் கேட்டேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் வார்த்தையிலேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். மருதுவும் பக்கத்தில் நின்று கேட்டான். "சார் எம்புட்டு அழகாப் பண்ணிருக்காரு டீச்சர்" என்று உன்னைப் புகழ்ந்தான். இதில் அப்பாவின் குரலுக்கு அடியில் அம்மா சுத்தமாக மறைந்துபோகிறாள். வீட்டில் அவள் இருந்த மாதிரியேதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ சின்ன வயதில் பொய் சொன்னால் 'சத்தியமாக' என்று ஆரம்பிப்பாய். இந்தக் கடிதத்தில் மூன்று சத்தியம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்த நாளில்கூட இரண்டுதான்.

நீ சொன்ன மாதிரி அன்று நான்தான் அம்மாவின் பாயில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கைகாட்டி உட்கார வைத்தது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் செபமாலையின் நாலாம் தேவ இரகசியம், அந்த நாலாவது பத்து மணி, தொடங்கியதும், வந்தவர்களுக்குக் காபி போட எழுந்து உள்ளே போனேன். அவசரத்தில் கொதிக்கிற பால் சட்டியைக் கையில் கவிழ்த்துக்கொண்டேன். அடுக்களையில் விழும் சத்தம் அதுதான். ஹெட்போனில் காதை வைத்துக் கேட்டால், சட்டி விழுந்ததும் தூரத்தில் ஒரு பெண் 'ஸ்ஸ், யேசுவே' என்கிறாள். அது நான். மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் அங்கே கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், மைக்குக்குப் பக்கத்தில், என் பாயில், அந்தக் குரல் ஒரு வார்த்தை தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வரியாகக் கேட்ட உனக்கு இது தெரியாமல் இருக்காது.

கோபம் இல்லை, தம்பி. நான் போகவேண்டும் என்பதற்காகச் சொன்னாய். அதனால் போகிறேன். இல்லை, அதனால் மட்டும் இல்லை. நான் எழுந்துபோன பிறகும் அம்மா என் இடத்தில் பதில் சொல்லியிருக்கிறாள். நான் இல்லாவிட்டால் அவள் தனியாகிவிடுவாள் என்று நினைத்தேன். நான் எழுந்ததும் உட்கார்ந்துகொள்ளத்தான் அவள் காத்திருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் புரிகிறது. அந்த முப்பதாம் நாளுக்குப் பிறகு அப்பா முதல் பாதியின் கடைசி வார்த்தைகளை விழுங்க ஆரம்பித்தார். சட்டென்று பாதியில் நிறுத்திவிட்டு, எதையோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்வார். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கியதில்லை.

மே மாதம் முதல் வாரம் கல்யாணம். ஓலைக்குக் கொடுத்தாயிற்று.

உன் அக்கா ஐரின்

---

சமயநல்லூர்
22.6.2003

அன்புத் தம்பி ஜூடுக்கு,

நலம். நிஜமாகவே நலம். சூசைநாதன் சார் காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போடுகிறார். இவ்வளவு நாள் இது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று எரிச்சலாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு வந்தபோது நீ பசுமலை வீட்டுக்குள் அதிக நேரம் நிற்கவே இல்லை. நான் தழும்பைக் காட்டியபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாய். கவனித்தேன். சொல்லிக்காட்டவில்லை.

வீட்டை ஒச்சம்மாள் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மில்லில் வேலை செய்கிறவள். நம் வேதம் இல்லை. செபமாலை என்றால் என்னவென்றே தெரியாது. போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சரக்கா, தப்பா எடுத்துக்கிறாதீக. சாயந்தரம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த முன் ரூம்புல ஒரு பொம்பளக் குரலு கேக்குது. எங்களுக்குப் பயமெல்லாம் இல்ல. யாரோ கேக்குறதுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிறுத்துது. திரும்பப் பதில் சொல்லுது. கேக்குற ஆளு சத்தத்தத்தான் காணோம். பாவமா இருக்குக்கா."

அந்த சிடி என் பெட்டியில் இருக்கிறது, ஜூடு. பிளேயரும் இங்கேதான் இருக்கிறது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பயம் வரவில்லை. ஒச்சம்மாள் சொன்ன அந்த 'பாவம்' மட்டும்தான் மனதில் நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் சொல்லக் கேட்டுப் பதில் சொன்னவள், இப்போது வெறும் காற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து நானும் அவரும் ஆறரை மணிக்கு முட்டிபோட்டு, செபமாலையின் முதல் பாதியை மட்டும் சொல்கிறோம். மறுபாதியை நாங்கள் சொல்வதில்லை. அந்த அளவுக்கு இடம் விட்டுக் காத்திருந்து, அடுத்ததைத் தொடங்குகிறோம். இங்கே எங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. பரவாயில்லை. நேற்று ஒச்சம்மாள் போன் செய்தாள். "இப்பல்லாம் அந்தக் குரலு சந்தோசமா இருக்குற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

நீயும் சொல்லு, தம்பி. உனக்காகப் பதிவு செய்த செபமாலை அல்லவா? நம்பாவிட்டாலும் சொல்லு. எனக்காக.

உன் அக்கா ஐரின்

---

மஸ்கட்
18.7.2003

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிளாரன்ஸிடம் காட்டவில்லை.

பிப்ரவரியில் நீ எழுதியது சரி. நாலாம் இரகசியத்தில் சட்டி விழுந்தது எனக்குக் கேட்டது. உன் குரலும் கேட்டது. இரண்டு மைக்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். எதைத் திருப்பினாலும் அந்தக் குரலுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இதில் சத்தியம் எதுவும் போடவில்லை, பார்த்துக்கொள்.

உங்கள் ஆறரை எனக்கு ஐந்து மணி. ஆபீஸ் முடிகிற நேரம். நேற்று கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினையும் ஏசியையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு வருஷத்துக்குப் பிறகு! வார்த்தைகள் மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. வாயைத் திறந்ததும் அப்பா மாதிரியே குரல் வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

முதல் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. வெயிலில் கார்த் தகரம் சடசடத்தது. இரண்டாவதைச் சொன்னேன். ஒன்றும் இல்லை. என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. உனக்காகத்தானே, முடித்துவிட்டுப் போவோம் என்று மூன்றாவதை ஆரம்பித்தேன்.

அக்கா, பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. நான் அப்போது முதல் பாதியை முடிக்கவே இல்லை.

உன் தம்பி,
ஜூடு